தேவதைப் பட்டம் போதும், பயிற்சி எங்கே?

செவிலியரைத் தேவதை என்கிறார்கள், தாய் என்கிறார்கள், தியாகச் சுடர் என்கிறார்கள். ஆண்டுதோறும் மே 12-ஆம் நாள் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படத்திற்கு மாலை சூட்டி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அவ்வம்மையாரோ விளக்கேந்தியதோடு நின்றாரில்லை. 1860-இல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியே கண்டார். படத்தை வணங்குவோர் பள்ளியை மறந்ததேன்?

மலர் தூவும் மாண்பினரை நாம் கேட்கிறோம். நள்ளிரவில், தீவிர சிகிச்சைப் பிரிவிலே, செயற்கைச் சுவாசக் கருவி அலறுகிறது. குழாயைச் சளி அடைத்ததா? குழாய் நழுவியதா? நொடிகளில் உணர்ந்தாக வேண்டும். தியாகமா உணர்த்தும்? தெய்வ அருளா உணர்த்தும்? கற்ற அறிவன்றோ உணர்த்தும்! தலைமாட்டை முப்பது பாகை உயர்த்தி வைத்தால் நிமோனியா தாக்கும் வாய்ப்புக் குறையும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் தவிரும். மணிதோறும் சிறுநீரை அளந்தால் சிறுநீரகத்தின் தளர்ச்சி முன்னரே புலப்படும். இவற்றைக் கற்பிக்காமல் ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, நோயாளி மாண்டதும் 'விதி' என்பது ஆறுதலன்று, ஏமாற்று!

1952-இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் சூறையாடிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரைக் காக்கப் போதிய எந்திரம் இல்லை. மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர், முறைவைத்து, இரவும் பகலும், கையாலேயே காற்றுப்பையை அழுத்தி உயிர் காத்தனர். தீவிர சிகிச்சை என்னும் துறை, எந்திரத்தால் அல்ல, பழக்கப்பட்ட கைகளால் பிறந்தது! நம் நாட்டில், 2020-லும் 2021-லும் கொரோனா கொடுமையின்போது, கருவிகளை வாங்கிக் குவித்தோம். இயக்கத் தெரிந்த கைகளைத் தேடி அலைந்தோம்.

ஏன் இந்த இழிநிலை? சளி துடைப்பதும் மலம் அள்ளுவதும் இழிதொழில் என்று சாதி கற்பித்த நச்சுப்பாடம் நெஞ்சில் உறைந்திருப்பதால்! தொட்டால் தீட்டு என்ற மனம், தொட்டுக் காப்பவளைப் புகழும். ஊதியமும் உயர்கல்வியும் மட்டும் தராது. தமிழகத்தில், 2015-இல் தேர்வெழுதி வென்று வந்த செவிலியர் ஆயிரக்கணக்கானோரை, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடித்தான் தம் குரலைக் கேட்கவைக்க வேண்டியிருந்தது. தேவதைக்கு வயிறில்லை என்று எண்ணினார்களோ?

வழி இல்லாமலில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. தீவிர சிகிச்சைக்கெனவே ஈராண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. ஏட்டில் இருப்பது வார்டுக்கு வர வேண்டும். பயிலும் காலத்தில் முழு ஊதியம் தருக! பயின்றவரை வேறு பிரிவுக்கு மாற்றாதிருக்க விதி செய்க! செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலி ஒருவர் என்பதை உறுதி செய்க! பயின்றவருக்குப் பதவி உயர்வு அளித்திடுக!

மாலைகள் வாடிவிடும், மெழுகு உருகிவிடும். கற்ற கை நிலைக்கும். அந்தக் கையில்தான், நாளை, நம் ஒவ்வொருவர் மூச்சும்!