பெட்டியில போட்டிருக்கிற கெஜமும் புல்லுல நிக்கிற அணிலும்

சொந்த செலவுல சூனியம் வச்சுக்கறதுன்னு சொல்லுவாங்களே, போன ஜூன் மாசம் அதை நான் நூத்தி சொச்சம் டாலருக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வாங்கினேன். பேரு லேசர் ரேஞ்ச் ஃபைண்டர். கண்ணுல வச்சு எதிர்ல இருக்கறதைப் பார்த்து பட்டனை அமுக்கினா, அது எத்தனை கெஜம் தள்ளி இருக்குன்னு சொல்ற கைக்கடக்கமான பொட்டி. (கெஜம்னா நம்ம புடவைக்கடை கெஜமேதான். அமெரிக்காகாரன் அதை இன்னும் விடல.)

பொட்டி தட்டி சாப்பிடற உனக்கு எதுக்குடா இதுன்னு கேட்பீங்க. எங்க டீம்ல ஒரு பெருசு இருக்காரு. சவுத் டகோட்டாவுல பொறந்து வளர்ந்தவரு. வருஷா வருஷம் மாநிலத்தோட மேற்குக் கோடிக்குப் போய் ப்ரெய்ரி டாக் சுடுவாரு. பேருதான் நாய், சாதி அணில் சாதி. நாய் மாதிரி குலைக்கும், அதனால அந்தப் பேரு. எழுந்து நின்னா ஒரு அடி உயரம், நாலு அங்குல அகலம், நம்மூரு கீரிப்பிள்ளை ரெண்டு கால்ல நின்ன மாதிரி இருக்கும். மாட்டுப் பண்ணை வச்சிருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது. மாடு திங்க வேண்டிய புல்லை இது திங்குதுன்னு, வந்து சுட்டுட்டுப் போங்கய்யான்னு கூப்பிடுவாங்க. ஆனா எல்லா இடத்துலயும் சுட்டுட முடியாது. பேட்லாண்ட்ஸ் பக்கத்துல கொனாட்டா பேசின்னு ஒரு இடம். 1996ல அங்க கருங்கால் ஃபெர்ரெட்டைத் திரும்பக் கொண்டு வந்து விட்டாங்க. அந்த ஜீவனுக்கு சோறே ப்ரெய்ரி டாக்தான், அதனால அங்க சுடத் தடை. நாங்க போனது ஒரு தனியார் பண்ணை.

விசாவுல பொழப்பு நடத்திக்கிட்டு துப்பாக்கியைத் தொட்டு வம்பு எதுக்குன்னு நான் சுடற வேலைக்குப் போகல. பக்கத்துல உக்காந்து தூரம் சொல்ற வேலை. "உனக்குத்தான் நம்பர்னா பிடிக்குமே"ன்னாரு பெருசு. நானும் சும்மா போகக்கூடாதுன்னு ஒரு கருவி வாங்கினேன். கால்ஃப் ஆடறவங்க கொடி எவ்ளோ தூரம்னு பார்க்கறதுக்கு வச்சிருப்பாங்களே, அது. தள்ளுபடியில கிடைச்சுது. பெட்டி மேல 1000 கெஜம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். நாம பார்க்கப் போறது 350 கெஜம், மூணு மடங்கு கையிருப்பு இருக்கேன்னு என் இஞ்சினியர் மூளை கணக்குப் போட்டுச்சு.

முதல் நாள் காலையில ஒரு மண்மேட்டு மேல ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு. அமுக்கினேன், 310ன்னு வந்துச்சு. சொன்னேன். பெருசு .223 துப்பாக்கியை 310க்கு சரி பண்ணி சுட்டாரு. நாலு அங்குலம் கீழ போய், பின்னங்காலுல பட்டுது. அது முன்னங்காலால இழுத்து இழுத்துப் போய் வளைக்குள்ள விழுந்துடுச்சு. கத்தற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுது. பெருசு ஒண்ணும் சொல்லல. தன்னோட கருவியை எடுத்து அந்த மண்மேட்டை மூணு தடவை அளந்தாரு. 345, 345, 346. அப்புறம் நடுவுல இருந்த ஒரு புல் கொத்தைக் காட்டினாரு. அதோட தூரம் 310.

கருவி தப்பே பண்ணல பாருங்க. கால்ஃப் கருவி கிட்டக்க இருக்கறதைத்தான் முதல்ல எடுத்துக்கும். கொடிக்குப் பின்னாடி இருக்கற மரத்தை அளந்துடக் கூடாதுல்ல, அதுக்காக அப்படி செஞ்சிருக்கான். நம்ம பாஷையில சொன்னா, பிங் அடிச்சா பதில் வந்துச்சு, பதில் சொன்ன சர்வர்தான் வேற.

ராத்திரி அம்மாகிட்ட போன்ல இதை உளறிட்டேன். "ராமர் தடவிக் கொடுத்த சாதிடா அது, பாவத்தைக் கொட்டிக்காதே"ன்னாங்க. அந்த அணில் வேற, இது வேறம்மான்னு விளக்கம் சொல்ற நிலைமையில நான் இல்ல.

திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆபீஸ் ஆணியை ஓரங்கட்டிட்டு இதையே படிச்சேன். சின்ன மிருகம், நீண்ட தூரம்னா பெட்டி மேல இருக்கற கெஜத்தைப் பார்த்துக் கருவி வாங்கறது சுத்த மொக்கைங்கறது என்னோட முடிவு. அந்த 1000 கெஜம் என்னன்னா, ரோட்டோர போர்டு மாதிரி ஒளியை அப்படியே திருப்பி அடிக்கற பொருளுக்கு. மரத்துக்கு அதை விடக் குறைவு, மானுக்கு இன்னும் குறைவு, பாதிகூட வராது பல கருவியில. ஒரு அடி அணிலுக்கு எவ்வளவுன்னு எவனும் போடறதில்ல. போடவும் முடியாது, ஏன்னா நீங்க அணிலை அளக்கவே போறதில்ல.

லேசர்னா நூல் புடிச்ச மாதிரி நேரா போகும்னுதானே நினைக்கிறோம்? போகாது, விரியும். விரிவை மில்லிரேடியன்ல சொல்லுவாங்க. 1 மில்லிரேடியன்னா 1000 கெஜத்துல 1 கெஜம் அகலம். 2 மில்லிரேடியன் விரியற மலிவுக் கருவியோட ஒளி, 350 கெஜத்துல 25 அங்குலம் பரவிடும். அதுல நம்மாளு நாலு அங்குலம். மிச்ச ஒளியெல்லாம் புல்லு, மண்ணு, பின்னாடி இருக்கற மேடுன்னு போய் மோதித் திரும்பும். ஒளி ஒரு நானோ செகண்டுல ஏறக்குறைய ஒரு அடி ஓடும். 300 கெஜம் போய்ட்டு வர 1.8 மைக்ரோ செகண்ட். அதை அளக்கறதெல்லாம் இன்னைக்கு இருக்கற சிப்புக்கு ஜுஜுபி. திரும்பி வந்த பல எதிரொலியில எது நமக்கு வேண்டியதுங்கறதுலதான் எல்லாக் கருவியும் திணறுது.

சமவெளியில இன்னொரு கொடுமை. கணக்குப் போட்டுப் பாருங்க. கண்ணு தரையிலேர்ந்து 5 அடி உயரத்துல இருக்கு, 300 கெஜத்துல தரையைப் பார்க்கறீங்க. ஒளியோட உயரம் 1 மில்லிரேடியன்தான், நல்ல கருவிதான். அப்பவும் அது தரையில சாய்வா விழுந்து 275 கெஜத்துலேர்ந்து 330 கெஜம் வரைக்கும் நீளமாப் படியும். அந்த 55 கெஜத்துல எதை வேணா அது எடுத்துச் சொல்லலாம். அதே ஆளு பிக்கப் வண்டி மேல ஏறி நின்னா கண்ணு 9 அடி உயரம். இப்ப 286லேர்ந்து 316 வரைக்கும்தான். பத்து பைசா செலவில்லாம தப்பு பாதிக்குக் கிட்டக்கக் குறைஞ்சுடுச்சு. பெருசு ஏன் எப்பவும் வண்டி மேல ஏறி நின்னு அளக்கறாருன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, முப்பது வருஷமா அப்படித்தான் செய்யறாரு.

ஆக, கடையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, விரிவு எவ்வளவு. அகலத்துக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் இருக்கும். லேசர் டயோடு பட்டையாத்தான் ஒளி விடும், அதனால ஒரு பக்கம் ஒல்லியாவும் ஒரு பக்கம் குண்டாவும் இருக்கும். சமவெளிக்கு உயரம் ஒல்லியா இருக்கறதுதான் வேணும். வாங்கினது நேர்மாறா இருந்தா கருவியைப் படுக்க வச்சு, அதாவது 90 டிகிரி திருப்பிப் பிடிச்சு அளந்து பாருங்க, வித்தியாசம் தெரியும். விரிவு எவ்வளவுன்னு எங்கயுமே போடாத கம்பெனியா? அந்தப் பக்கமே போகாதீங்க.

ரெண்டாவது, கிட்டக்க இருக்கறதை விட்டுட்டு தூரத்துல இருக்கறதைச் சொல்ற வசதி. புஷ்னெல்காரன் கிட்டக்க உள்ளதுக்கு 'புல்ஸ்ஐ', புல்லு புதரைத் தாண்டி உள்ளதுக்கு 'பிரஷ்'னு பேரு வச்சிருக்கான். மத்தவங்க வேற வேற பேர்ல வச்சிருக்காங்க. இது இல்லாத கருவியை இலவசமாக் கொடுத்தாலும் இந்த வேலைக்கு நான் தொடமாட்டேன்.

அப்புறம் முக்காலியில மாட்டறதுக்கு அடியில திருகு ஓட்டை. கேட்கறதுக்கு சாதாரணமா இருக்கும். 7 மடங்கு பெருக்கத்துல கையில பிடிச்சு பாருங்க, நிலநடுக்கம்தான். 350 கெஜத்துல 1 மில்லிரேடியன் ஆடினா குறி ஒரு அடிக்கு மேல நகர்ந்துடும், முழு அணிலே ஒரு அடிதான்.

கண்ணுக்குள்ள தெரியற குறியும் ஒளி நிஜமாப் போற இடமும் ஒண்ணுதானான்னும் பார்க்கணும். பல கருவியில கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். பின்னாடி வானம் மட்டும் தெரியற மாதிரி ஒத்தைக் கம்பத்தைப் பிடிச்சு, இடது பக்கத்துலேர்ந்து மெல்ல நகர்த்தி எப்ப தூரம் காட்டுதுன்னு பாருங்க, அப்புறம் வலது பக்கத்துலேர்ந்து. மேல கீழ பார்க்கறதுக்கு ஒரு கூரை விளிம்பு போதும். அரை மணி நேர வேலை.

சாய்வுக் கணக்கு, ப்ளூடூத், போன்ல ஆப் இதெல்லாம் சமவெளிக்காரனுக்கு வெட்டிச் செலவு. 10 டிகிரி சரிவுல 300 கெஜம் 295 ஆகுது, அவ்ளோதான். மலைப்பக்கம் 30 டிகிரியில மார்மாட் சுடறவங்களுக்கு 300ங்கறது 260 ஆயிடும், அவங்க வாங்கட்டும். காத்து எவ்வளவுன்னு சாதாரண ரேஞ்ச் ஃபைண்டர் சொல்லாது. மணிக்கு 10 மைல் பக்கக்காத்து .223 குண்டை 300 கெஜத்துல ஏறக்குறைய ஒரு அடி தள்ளிடும். சவுத் டகோட்டாவுல 10 மைல்ங்கறது காத்து லீவு போட்ட நாள்.

கெஜம் அதிகமா இருந்தா நல்லதுதான்னு வாதாடறவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. 2000 கெஜம் போடறவன் பொதுவா ரிசீவரை நல்லதாப் போட்டிருப்பான், உச்சி வெயில்ல வெறும் மண்ணைக்கூட 400 கெஜத்துல பிடிச்சுடும். என்னோடது மத்தியானம் ஆனா வெறும் கோடு காட்டும். வெயிலே அதுக்கு இரைச்சல். அதனால ரொம்ப சின்ன நம்பரும் வேண்டாம். ஆனா அந்த நம்பரை மட்டும் பார்த்து வாங்கினா என் கதிதான்.

"எலி சாதிதானே, தப்பினா தப்பட்டும், எப்படியும் பண்ணைக்காரன் விஷம் வைக்கத்தான் போறான்"னு சொன்ன ஒருத்தரும் அங்க இருந்தாரு. இதை என்னால ஏத்துக்க முடியல. சுடலாமா கூடாதாங்கற பஞ்சாயத்துக்கு நான் வரல. ஆனா சுடறதுன்னு முடிவு பண்ணிட்டா, அது அங்கேயே சாகணும். 300 கெஜத்தைத் தாண்டிட்டா .223லயே 10 கெஜத் தப்புக்கு ஒரு அங்குலத்துக்கு மேல போகுது. .22 ரிம்ஃபயர் வச்சிருக்கறவங்களுக்கு 150 கெஜத்துலயே மூணு அங்குலம். தூரம் சொல்ற கருவி கையில இருக்குங்கற தைரியத்துலதான் இவ்ளோ தூரத்துலேர்ந்து சுடவே துணியறாங்க. அந்தக் கருவி பொய் சொன்னா காலை இழக்கறது நாம இல்ல.

அடுத்த நாள் பெருசு என் கையில அவரோட கருவியையும் ஒரு நோட்டையும் கொடுத்தாரு. ஒரு குண்டும் சுடாம, காலையில முக்கால் மணி நேரம் வண்டி மேல நின்னு ஒவ்வொரு மண்மேடா அளந்து படம் போட்டேன். வெறும் மண்ணு, நாலஞ்சு அடி அகலம், கருவிக்கு நல்ல இலக்கு. ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவை, மூணும் ஒத்துப் போனாத்தான் நோட்டுல ஏத்தறது. பதினேழு மேடு அளந்ததுல நாலு ஒத்துப் போகல. அந்த நாலு மேல அன்னைக்கு முழுக்க எத்தனையோ வந்து நின்னு எங்களைப் பார்த்துக் குலைச்சுதுங்க. பெருசு அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே இல்ல.

என்னோட கால்ஃப் கருவியை எங்க டேமேஜருக்குப் பாதி விலைக்குத் தள்ளி விட்டுட்டேன். கொடியை ஒரு கெஜம் பிசகாம சொல்லுதாம்.