தேவையறிந்து கணிப்பொறி வாங்குவோம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே நம் வீடுகளில் எழும் கேள்வி, "பெண்ணுக்கு என்ன லேப்டாப் வாங்குவது?" என்பதுதான். விடை சொல்ல வருவோர்க்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்று சொல்வார். அப்பாவின் அலுவலக நண்பர் வேறொன்று சொல்வார். கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைக் கையில் கொடுப்பார். யாருக்காக வாங்குகிறார்களோ அவளை மட்டும் எவரும் கேட்பதில்லை. "நீ அதில் என்ன செய்யப் போகிறாய்?" என்று முதலில் கேட்டிருந்தால், பல வீடுகளில் கணிசமான பணம் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொருவரையும் நாம் கேட்பதில்லை. தியாகராய நகரில் ஒரு புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்கி, நூலைத் தடவிப் பார்த்து, கரையைத் திருப்பிப் பார்த்து, சாயம் போகுமா என்று விசாரித்துப் பின்புதான் பணப்பையைத் திறப்பார்கள் நம் அன்னையர். அதே அன்னையர் கணிப்பொறிக் கடைக்குள் நுழைந்ததும் ஓரமாக நாற்காலியில் அமர்ந்து விடுகிறார்கள். ஏன்? "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்கிறார்கள். தெரிந்து கொள்ள வேண்டியது அவ்வளவு பெரிதன்று.

முதலில் வேலையைப் பார்ப்போம். 2018-19-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக வந்த நம் மாநிலப் பாடத்திட்டத்தில், கணிப்பொறி அறிவியல் எடுத்தோருக்குப் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் வைக்கப்பட்டன. அந்தப் பயிற்சிகளைச் செய்ய விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. வணிகவியல் பயில்வோருக்குக் கணக்குப் பதிவும் அட்டவணையும். கலைப்பிரிவினருக்குக் கட்டுரை எழுதுவதும் வாசிப்பதும். இவற்றுக்கு விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்த, தனி வரைகலைச் சில்லு பொருத்திய, இரண்டரைக் கிலோ எடையுள்ள பொறி எதற்கு? கட்டடக்கலை, அசைவூட்டம், காணொளித் தொகுப்பு ஆகியவற்றைப் பயில்வோர்க்கு அது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அது தோளுக்குச் சுமை, வீட்டுக்குக் கடன்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கலாம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு வழங்கிய அப்பொறிகளின் நினைவகம் அந்நாளில் 2 ஜி.பி. அளவே. அந்த எளிய பொறியை வைத்துக்கொண்டு படித்து, பட்டம் பெற்று, வேலைக்குப் போன அக்காமார் எத்தனையோ பேர். இன்று 2 ஜி.பி. போதாது என்பது உண்மையே. இயங்குதளமும் இணையப் பக்கங்களும் பெருத்து விட்டன. ஆயினும் படிப்பவளின் தேவை அந்த அளவுக்குப் பெருக்கவில்லை.

இன்றைய நிலையில் பொதுப் படிப்புக்கு 8 ஜி.பி. நினைவகம் வேண்டும், பொறியியல் பயில்வோர்க்கு 16 இருந்தால் நன்று. சேமிப்பகம் சுழலும் வட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி. ஆக இருக்க வேண்டும். பொறி சுறுசுறுப்பாய் இயங்குவதும் சோம்பிக் கிடப்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. கடையில் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "பிற்காலத்தில் நினைவகத்தைக் கூட்ட முடியுமா?" மெலிந்த அழகிய பொறிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். கூட்ட இடமிருந்தால் இன்று 8 வாங்கி, மூன்றாம் ஆண்டில் வேண்டுமானால் சேர்த்துக் கொள்ளலாம். இடமில்லையென்றால் வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

பெற்றோர் பெரிதும் ஏமாறும் இடம் செயலியின் பெயர்தான். "ஐ7 சார், ஐ5-ஐ விட உசத்தி" என்றால் உடனே தலையாட்டி விடுகிறோம். பெயரின் முதற்பாதியை மட்டும் படித்தால் போதாது. பின்னால் வரும் எண்ணையும் படிக்க வேண்டும். ஐ7-8550யு என்பது 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலி. அதில் 4 கருக்கள். ஐ5-1235யு என்பது 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. அதில் சிறியதும் பெரியதுமாய் 10 கருக்கள். பட்டத்தில் சிறியது, பலத்தில் பெரியது! கடைசி எழுத்துக்கும் பொருளுண்டு. 'யு' என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடுவது. 'எச்' என்றால் வலிமை மிக்கது, ஆனால் மின்கலத்தை விரைவில் காலி செய்வது. வகுப்பில் மின்செருகி கிடைக்காத பெண்ணுக்கு எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிப் பகுதி கொண்ட செயலிகளை விளம்பரப்படுத்தி வருகிறார்கள். நாம் உலாவியில் பயன்படுத்தும் அத்தகைய சேவைகளோ எங்கோ தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறிகளில் ஓடுகின்றன. அந்த ஒட்டுச்சீட்டுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

1 டி.பி. வட்டு வாங்கி வந்து வீட்டில் திறந்தால் 931 ஜி.பி. என்று காட்டும். சில அப்பாக்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அவர் குறைத்து அளக்கவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாய் எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆய் எண்ணுகிறது. சண்டை போட வேறு இடங்கள் இருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது தவணை. "வட்டியே இல்லை" என்பார்கள். வட்டியில்லாமல் கடன் கொடுக்க எந்த நிதி நிறுவனத்துக்கும் நேர்ச்சையில்லை. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே, இத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற வேடத்தில் வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படுகிறது என்று எச்சரித்தது. எனவே கடையில் இரண்டு விலை கேளுங்கள்: முழுப் பணத்தையும் இன்றே கொடுத்தால் எவ்வளவு? தவணைகள் யாவும் முடிந்து, கட்டணங்களும் சேர்ந்தால் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வட்டி. அதற்கு எப்பெயர் வைத்தாலும் நம் பணம்தான்.

இனி, வாங்கத்தான் வேண்டுமா? 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. உடனே பல வீடுகளில் நல்ல பொறிகளைப் பழைய சாமான் கணக்கில் சேர்த்து விட்டார்கள். தனி வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழி வைத்தே அந்த முடிவு வந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பொறியிலும் லினக்ஸ் ஓடும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனமே பாஸ் என்னும் லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபீஸ் இலவசம். சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால், வீட்டிலுள்ள பழைய பொறி தங்கையின் பள்ளிப் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் ஒன்று: அண்ணனுக்கு எப்போதும் புதியது, தங்கைக்கு எப்போதும் அண்ணன் கழித்தது என்ற வழக்கத்துக்கு இதைச் சாக்காக்கக் கூடாது. யாருடைய படிப்புக்கு வலிமையான பொறி தேவையோ அவருக்கே புதியது.

பலரும் ஒரே பொறியைப் பகிரும் வீடாயின் மேசைக் கணிப்பொறியையும் எண்ணிப் பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு அதில் வலிமை அதிகம். ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். மின்தடைக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். பாகங்கள் தேட ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. அசோக் நகரிலிருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். முன்பு வானொலிப் பாகங்களுக்குப் பேர் போன தெரு. பேரம் பேசத் தெரிந்தவர்க்கு அது சொர்க்கம். ஆகவே அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்! ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பொறியின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, உத்தரவாதம் எப்போது தொடங்கியது என்று கடையிலேயே பார்த்து விடுங்கள். "புதியது" என்று தந்த பொறியின் உத்தரவாதம் சென்ற ஆண்டே தொடங்கியிருந்தால், அது யாரோ பயன்படுத்தியதாக இருக்கலாம், அல்லது நெடுநாள் கடையில் கிடந்ததாக இருக்கலாம். விளக்கம் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக நம் அருட்சகோதரியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அப்பாவின் சம்பளத்திலும் அம்மாவின் சீட்டுப் பணத்திலும் வாங்கப்படும் பொருள் இது. எந்தப் பாடப்பிரிவுக்கு எவ்வளவு நினைவகம், எந்த மென்பொருள், அதற்கு இலவச மாற்று உண்டா என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, பெற்றோர் கூட்டத்தில் கொடுக்கலாமே! எங்கள் கணிப்பொறி ஆய்வகத்தில் எதெல்லாம் தங்குதடையின்றி ஓடுகின்றன என்பதும் அதில் இருக்கட்டும். கணிப்பொறிப் பிரிவு மாணவியர் நாங்களே அதை எழுதித் தரத் தயார். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முன் அத்தாள் பெற்றோர் கையில் கிடைத்தால் போதும்.