சிறுத்தை காணப் போய்



"பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு காடு, மலை பார்க்கப் போவது வீண்விரயத்தில் சேருமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கிதாபை விரித்து நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அவருடைய கடிதம் வந்த அதே நாட்களில் நாங்களும் அப்படி ஒரு பயணம் போய் வந்தோம். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம். உம்மா, மாமி, மனைவி, தங்கை, அவளுடைய மாப்பிள்ளை, பிள்ளைகள் என்று இரண்டு வான் நிறைய ஆட்கள். சுபஹு தொழுததும் காத்தான்குடியிலிருந்து கிளம்பினோம். போகுமிடம் இங்கினியாகலையில் உள்ள கல்லோயா தேசிய வனம். வான் புறப்பட்டதும் சின்னவன் எழும்பி நின்று, "புலி பாக்கப் போறோம்! புலி பாக்கப் போறோம்!" என்று கத்தத் தொடங்கினான்.

முன் ஆசனத்தில் இருந்த மாமி திரும்பிப் பார்த்தார். "அந்தப் பேரச் சொல்லாத மகன். வேற பேரு சொல்லு."

பிள்ளைக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாமியின் கணவர் அவர்களில் ஒருவர். எனக்கு அப்போது பத்து வயது. அதன் பிறகு 2009இல் யுத்தம் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் காட்டுப் பக்கம் போக நினைத்ததே இல்லை. மாமி இந்தப் பயணத்துக்கு வரச் சம்மதித்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம். "சிறுத்தை என்று சொல்லு மகன்" என்றேன். அது முதல் வானுக்குள் சிறுத்தைதான்.

கல்முனை வரைக்கும் வலது கைப்பக்கம் வாவி விட்டு விட்டுக் கூடவே வந்தது. காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் சிறுபோக வயல். சம்மான்கள் வந்து தங்கிய துறை என்பதால் சம்மாந்துறை ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாவியின் தென்கோடி அதுதான். 1626இல் போர்த்துக்கீசரால் கரையோரங்களிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது சரித்திரம். போக்கிடம் இல்லாத நேரத்தில் ஒரு பௌத்த அரசன் கொடுத்த அடைக்கலம் அது. நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அம்பாறையைத் தாண்டி இங்கினியாகலை அணைக்கட்டின் மேல் ஏறி நின்றபோது உம்மா, "இது கடலா?" என்று கேட்டார். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெயருக்குக் குறைவில்லை. நம் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களத்தில் கல் ஓயா என்றும் சொல்லும் ஆற்றை மறித்துக் கட்டியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்துத் தொடங்கிய வேலை. சுதந்திர இலங்கையின் முதல் பெரும் நீர்ப்பாசனத் திட்டம். அந்த நீர்த்தேக்கத்துக்கு மழைநீரைப் பிடித்துக் கொடுக்கும் காடு அழிந்துவிடக் கூடாது என்றுதான் 1954இல் சுற்றிலும் சுமார் 25,900 ஹெக்டேயரைத் தேசிய வனமாக்கினார்கள். சற்று முன் நாங்கள் கடந்து வந்த வயல்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. சம்மாந்துறை அரிசியும் நிந்தவூர் அரிசியும் நம் வீட்டுப் பானையில் வேகிறதே, அதற்குள் இந்தக் காட்டின் தண்ணீர் இருக்கிறது.

இங்கே படகில்தான் மிருகம் பார்ப்பார்கள். காப்பு அங்கியை அபாயாவுக்கு மேலால் மாட்டும்போது பெண்களுக்குள் ஒரே சிரிப்பு. உம்மா மட்டும் கண்ணை மூடிப் பயண துஆவை மூன்று தரம் ஓதிவிட்டுத்தான் காலை வைத்தார். அரை மணி நேரம் போயிருப்போம். ஓடக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சற்றுத் தூரத்தில் தண்ணீருக்கு மேலே கருப்பாக நாலைந்து குழாய்கள். யானைகள்! ஒரு தீவில் புல் மேய்ந்து முடித்து அடுத்த தீவுக்கு நீந்திப் போகின்றன. தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருக்கின்றன. ஒரு குட்டியும் இருந்தது. அது தாயின் முதுகில் தும்பிக்கையைச் சாய்த்துக்கொண்டு போயிற்று. மாமி வாயில் முந்தானையை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கரையேறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்னவனுக்கு யானை போதவில்லை. "சிறுத்தை எங்க?" என்று கூட வந்த வனத்துறை உத்தியோகத்தரைப் பிடித்துக்கொண்டான். அவர் சிங்களவர், நல்ல தமிழ் பேசினார். இந்தக் காட்டில் சிறுத்தை உண்டு, ஆனால் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் அதைப் பார்ப்பது அபூர்வம் என்றார். இலங்கை முழுவதிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது கணக்கு. சிங்களத்தில் கொட்டியா என்று சொன்னாலும் இங்கே இந்தச் சிறுத்தைதான். வரிப்புலி இப்போது நம் நாட்டில் இல்லை. ஆனால் குருவிட்ட பக்கத்துக் குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, சுமார் 16,500 வருடங்களுக்கு முன் வரிப்புலியும் இங்கே வாழ்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "அது எங்க போன?" என்று கேட்டான் பிள்ளை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரையில் உத்தியோகத்தர் மரங்களைக் காட்டினார். கடுக்காய், தான்றி, நெல்லி. பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாவிட்டால் நாம் நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்கிற அந்த மூன்றும் ஒரே காட்டில். உம்மா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார்.

வனப் பாதுகாப்பு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். மதீனாவின் இரு கரும்பாறை நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியை ஹரம் என்று அறிவித்து, அங்கே வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மேய்ச்சலுக்கென்று காத்து வைக்கும் நிலத்துக்கு ஹிமா என்று பெயர். உமர் (ரழி) அவர்கள் ரபதாவிலும் ஷரஃபிலும் ஹிமா வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பாக நியமித்தவரிடம் அவர்கள் சொல்லியனுப்பிய செய்தி புகாரியில் வருகிறது. நாலு ஒட்டகம், பத்து ஆடு வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, பெரிய மந்தை வைத்திருக்கும் செல்வந்தர்களை விடாதே என்பது அதன் கருத்து. அந்தச் செல்வந்தர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) போன்ற பெரும் ஸஹாபாக்கள்! இவற்றையெல்லாம் நான் வருடா வருடம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன். ஓதிக் கொடுத்தேனே தவிர, ஒரு ஹிமாவுக்குள் நின்று அதை நினைத்துப் பார்த்தது அன்றுதான்.

லுஹருக்கு நேரமாயிற்று. கஸ்ர் தூரம் வருமா வராதா என்று என் மச்சானுக்கும் எனக்கும் ஒரு சின்ன விவாதம். நிச்சயமில்லாத இடத்தில் பூரணமாகத் தொழுதால் நட்டமில்லை என்று நாலு ரக்அத்தும் தொழுதோம். பிறகு அணைக்கட்டுக்குக் கீழே ஒரு மர நிழலில் சாப்பாடு. நெய்ச்சோறு, குர்பான் இறைச்சிக் கறி, அச்சாறு. ஆளுக்கொரு பார்சல், ஒவ்வொன்றும் லஞ்ச் சீற்றில் சுற்றியது. 2017இல் அதைத் தடை செய்தார்கள். கடையில் கேட்டால் இன்றைக்கும் ஏதோ ஒரு பெயரில் ஒரு தாள் கிடைக்கத்தான் செய்கிறது.

சாப்பிட்டு முடிந்து எல்லாவற்றையும் ஒரு பெரிய ஷொப்பிங் பேக்கில் கட்டினோம். அதை மரத்தடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனது வேறு யாருமல்ல, நான்தான். அந்த உத்தியோகத்தர் அதைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். "மௌலவி, இத இங்க வைக்க வேணாம். வானில் கொண்டு போங்க." வெட்கமாகப் போய்விட்டது. "வழியில் குப்பைத் தொட்டியில் போடுகிறோம்" என்றேன். அவர் சிரித்தார். "தொட்டியில் போட்டா அது எங்க போகுது?"

பிறகு அவர் சொன்னது இதுதான். ஒலுவிலுக்கும் தீகவாபிக்கும் இடையில், காட்டோரத்தில் பள்ளக்காடு என்று ஓரிடம். சுற்று வட்டார ஊர்களின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது அங்கேதான். யானை வராமலிருக்க மின்வேலி போட்டார்கள். 2014இல் இடி விழுந்து வேலி பழுதாயிற்று, திருத்தவில்லை. சோறும் கறியும் மணக்கும் பைகளை யானைகள் பையோடு சேர்த்து விழுங்கப் பழகிக்கொண்டன. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தியே ஆயிற்று. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் உணவு சுற்றிய தாளுமாம். யானை வழக்கமாகத் தின்னும் இலை தழை ஒன்றையும் காணவில்லையாம். பசித்து, எழும்ப முடியாமல், ஆனால் வயிறு நிறைந்து சாகிறது.

வானுக்குள் வந்ததும் என் மனைவி மெதுவாகக் கேட்டார். "இஞ்சருங்க, பெருநாளைக்கு எத்தின பேக்கில இறைச்சி குடுத்தோம்?"

நான் எண்ணியிருக்கவில்லை. அவர் எண்ணியிருந்தார். 73. அது எங்கள் வீட்டில் மட்டும். ஊர் முழுக்க எத்தனை வீடு, இந்தக் கரையோரம் முழுக்க எத்தனை ஊர்! இரத்தமும் கொழுப்பும் மணக்கும் பைகள். பசியால் வாடிய ஒட்டகம் ஒன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதையும், அவர்கள் அதைத் தடவிக் கொடுத்து அதன் சொந்தக்காரரான அன்ஸாரியை அழைத்துக் கண்டித்ததையும் எத்தனை ஜும்ஆக்களில் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது தீகவாபி வழியாக வந்தோம். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டிய தாதுகோபம். வெளியே நின்று பார்த்தோம். தீகவாபி என்றதும் நம்மவர்களுக்குக் காணிப் பிரச்சினைதான் ஞாபகம் வரும், அது வேறொரு மாதத்துக்குரிய பேச்சு. அன்றைக்கு எங்கள் மனம் முழுக்க வானின் பின்பக்கம் கிடந்த அந்தப் பையில்தான் இருந்தது. அதை வீடு வரைக்கும் கொண்டு வந்தோம்.

இரவு வீட்டில் ஒரு ஆலோசனைக் கூட்டமே நடந்தது. அடுத்த பெருநாளைக்கு வாங்க வருபவர்களைச் சட்டியோடு வரச் சொல்லலாம் என்றேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழையச் சட்டியோட வாசல்ல நிக்க வெக்கிறதா? நாம கொண்டு போய்க் குடுக்கிறதுதான் முறை கா." அவர் சொன்னதுதான் சரி. கண்ணியத்தைக் கெடுத்துச் சுத்தம் பார்க்க முடியாது. மாமி சொன்னார்: "எங்கட காலத்தில ஓலை உமலிலயும் பன் பையிலயும்தானே குடுத்தோம்?" இரத்தம் வடியுமே என்றாள் தங்கை. "தேக்கிலை எதுக்குக் கிடக்கு?" என்றார் உம்மா.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: மஹ்ரமோடு, தொழுகை தவறாமல், கடன்படாமல் போய் வாருங்கள். அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கப் போகும் செலவு வீண்விரயமாகாது. சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டில் உம்மா வாவிக்கரையிலிருந்து பன் வெட்டி வரச் சொல்லிக் காயப்போட்டிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு முன் பாய் இழைத்த கை. இப்போது கண் மங்கல், ஆகையால் விளிம்பு மடிக்கப் பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். மாமியும் அஸருக்குப் பிறகு வந்து உட்காருகிறார். ஒரு பைக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. 73 வேண்டும். நேற்றுவரை ஒன்பது முடிந்திருக்கின்றன.