மருந்துக் கடையோடு முடியும் படிப்பன்று



"நான்கு வருஷம் படித்துவிட்டு, கடையில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கவா?" மகளோ மகனோ மருந்தியல் படிக்கப் போகிறேன் என்றதும் இப்படி அலுத்துக்கொள்ளும் பெற்றோர் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் படிப்பு என்பதே நம்மவர் பலரின் எண்ணம். அது சரிதானா என்று பார்ப்போம்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு 1972ல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நான்காண்டுப் பட்டம், ஓராண்டுப் பயிற்சி. பிறகு மருந்தாளுநராகப் பதிவு. பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதற்கு மேலும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நோயாளியின் கட்டிலருகே செல்கிறது. வார்டில் டாக்டருடன் சுற்றிவரும் மருந்தாளுநர், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்வார். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வலிக்கென்று தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி விழுங்கினால், உள்ளே இரத்தம் கசியலாம். அதைப் பக்குவமாகக் கேட்டறிந்து தடுப்பவரும் அவரே.

மற்றொன்று ஆராய்ச்சி. முதுகலை, முனைவர் பட்டம் என்று ஏறி, விரிவுரையாளராகிப் பேராசிரியராகும் வழி. "இந்த மருந்து என்ன செய்யும்?" என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. "இது யாருக்குக் கிடைக்கிறது? என்ன விலைக்கு?" என்றும் கேட்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004ல் அந்தப் பினாங்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தீபகற்ப மலேசியாவில் 48 மருந்துகளின் விலையைத் திரட்டினார்கள். 20 அரசாங்க மருத்துவ நிலையங்கள், 32 தனியார் மருந்தகங்கள், 20 கிளினிக்குகள் என்று ஏறி இறங்கினார்கள். 2007ல் முடிவு வெளிவந்தது. தனியார் மருந்தகங்களில், முதன்முதலாக மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் சரக்கு, அனைத்துலக ஒப்பீட்டு விலையைப் போல் நடுக்கணக்கில் 16 மடங்கு. அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் பொதுப்பெயரில் செய்து விற்பதோ 6.6 மடங்கு.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? விலை தாங்காத வீட்டில் இரத்த அழுத்த மாத்திரை பாதியாக உடைபடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கப்படுகிறது. பக்கவாதம் வந்த பிறகுதான் சங்கதி வெளியே வருகிறது.

தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 மே 1ல் அமலுக்கு வந்தது. ஓர் ஆய்வால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ கணக்கெடுத்து எழுதி வைக்காவிட்டால், விலையைப் பற்றிப் பேச நமக்கு ஆதாரமே இருந்திராது. உத்தரவும் விலையைக் காட்டத்தான் சொல்கிறது, குறைக்கச் சொல்லவில்லை. எனவே இன்னும் கணக்கெடுக்க ஆட்கள் தேவை.

பெற்றோரே, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கடையில் நிற்பதும் கௌரவமான வேலைதான். மேலே போகவும் பாதை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "இதே மருந்து பொதுப்பெயரில் இருக்கிறதா? என்ன விலை?" என்று நீங்களும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டாம்.