வளித்தடையைப் புறக்கணிக்கலாமா?

நமது கல்லூரியிற் பிரயோக கணிதம் பயின்றோர் எவரும் ஒரு வாக்கியத்தை மறந்திருக்கமாட்டார். கோபுரத்திலிருந்து கல் விழும். குன்றின் உச்சியிலிருந்து பந்து விழும். வினாவின் இறுதியில் "வளித்தடையைப் புறக்கணிக்க" என்றிருக்கும். நாமும் தயக்கமின்றிப் புறக்கணித்துப் புள்ளிகள் பெற்றோம். அந்த வளித்தடையே என்னைத் தாங்கி நின்ற ஒரு நாள், 2019ஆம் ஆண்டுக் கோடையில், சுவிற்சர்லாந்திலே எனக்கு வாய்த்தது.

பேர்ண் நகரில் வாழும் மகளிடம் சென்றிருந்தேன். அங்கிருந்து இன்ரர்லாக்கன் என்னும் ஊர் அதிக தூரமன்று. தூன், பிறியன்ஸ் என்னும் இரண்டு ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் சமநிலம் அது. தெற்கே ஐகர், மொன்க், யுங்பிராவ் என்னும் பனிமலைகள் மூன்றும் நிரையாக நிற்கின்றன. பயிற்சியற்ற ஒருவரை, பயிற்சி பெற்ற ஒருவர் தம் மார்போடு பிணைத்துக்கொண்டு ஆகாய விமானத்திலிருந்து பரசூட்டுடன் குதிக்கும் வழக்கம் அவ்வூரில் உண்டு. "மாமா, நீங்களும் வாறீங்களோ?" என்று மருமகன் விளையாட்டாகவே கேட்டார். நான் இசைந்துவிட்டேன். குதிப்பதற்குமுன் கையொப்பமிடத் தந்த பத்திரமே குதிப்பைக் காட்டிலும் அச்சந் தந்தது.

"இந்த வயதில் இது என்ன விபரீதம்?" என்று ஊர் திரும்பியபின் கடிந்துகொண்ட நண்பர் பலர். "கட்டிய மூட்டைபோலத் தொங்கி வந்ததில் வீரம் எங்கே?" என்று நகைத்தவர் சிலர். பின்னவர் கூற்றை ஒப்புக்கொள்கிறேன், வீரம் என்னுடையதன்று. முன்னவருக்கே விடை கூற வேண்டியுள்ளது.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்திற் கதவு திறந்தது. 3,967 மீற்றர் உயரமான ஐகரின் முடி கண்ணுக்கு நேரே நின்றது. தலையைப் பின்னே சாய்த்துக் கால்களைப் பின்புறம் மடக்குமாறு தரையிலேயே பழக்கியிருந்தனர். தேவாரம் ஒன்றின் முதற்சொல்லை நினைக்க முயன்றேன். நினைவு வருமுன் விமானம் தலைக்கு மேலே போய்விட்டது.

பத்துப் பன்னிரண்டு செக்கன்களில் ஆர்முடுகல் அடங்கிவிடுகிறது. வளித்தடை நிறைக்குச் சமமாகிவிடுவதால் வேகம் மேலுங் கூடுவதில்லை. விழுவதாகவே தோன்றவில்லை, பெருங்காற்றின்மேற் குப்புறப் படுத்திருப்பது போலவே இருந்தது. இருவர் ஓருடலாய் விழும்போது நிறை இரட்டிக்கும். காற்றை எதிர்க்கும் பரப்போ அவ்வளவு கூடாது. எனவே வேகம் மிகும். அதனை அடக்கவென்றே ஒரு சிறு குடை முதலில் விரிந்து பின்னே இழுபட, வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரில் நிற்கிறது. பின்னர் அச்சிறு குடையே பெருங்குடையை வெளியே இழுத்து விரிக்கிறது. பெருங்குடை பழுதாயின் அதனைக் கழற்றிவிட்டு விரிப்பதற்கு மற்றொன்று உண்டு. சுமந்து வருபவர் உணர்விழந்தாலும், வளியமுக்கத்தை அளந்து அதனைத் தானே விரிக்கும் கருவியும் உண்டு. 1797இற் பாரிஸ் நகரில் பலூனிலிருந்து குடையுடன் இறங்கிய கார்னரின், வழி நெடுக ஊஞ்சல்போல் ஆடித் துன்புற்றார். குடையின் உச்சியில் காற்றுப் போகத் துவாரம் வேண்டுமென்பது பின்னரே அறியப்பட்டது. ஒவ்வொரு தவறுக்கும் ஒவ்வொரு திருத்தமாகச் சேர்ந்ததே இக்கலை.

நாமோ அபாயத்துக்கு இரண்டே மருந்துகளை அறிவோம். ஒன்று "வேண்டாம்", மற்றது "ஒன்றும் நடவாது". முன்னொருகால் வேறொரு பாடசாலையில் நான் ஆசிரியனாயிருந்தபோது, மாணவர் ஐவர் கடலில் நீந்தப் பழக அனுமதி வேண்டிக் கடிதம் கொணர்ந்தனர். மீனவர் ஒருவரை ஒழுங்கு செய்ததையும், கயிறு மிதவை முதலியவற்றையும் அதில் விபரமாக எழுதியிருந்தனராம். நான் முதல் வரியை மாத்திரம் வாசித்து, "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை எனக்குத் தெரியாமற் போயினர். இம்முறை மீனவருமில்லை, மிதவையுமில்லை. ஒருவன் அலையில் இழுபட்டு, அவ்வழி வந்த வள்ளத்தார் கண்டு தூக்கியதனாற் பிழைத்தான். என் தடை அவனைக் காக்கவில்லை. இருந்த காவலையும் அதுவே நீக்கிற்று.

நமது கல்லூரியில் நீச்சலும் மலையேற்றமும் பயிற்றவேண்டுமென்று பழைய மாணவர் சிலர் கேட்கின்றனர், பெற்றார் அஞ்சுகின்றனர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும் "போகலாமா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், பயிற்றுபவர் யார், எத்தனை மாணவர்க்கு ஒருவர், கயிற்றைச் சோதித்தவர் யார் என்று அவர்கள் கேட்கவேண்டும். அவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை தரக் கல்லூரி ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

நிற்க. புல்வெளியில் இறங்கியதும், என்னைச் சுமந்து வந்தவர் கைகுலுக்கிவிட்டு அடுத்தவரிடம் சென்றார். எங்கள் குடையை மடித்தவர் யாரென்று கேட்டேன்; கொட்டகையொன்றைக் காட்டினர். அங்கே இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி முழந்தாளிட்டு, மற்றொரு குடையின் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலிடையே பிரித்துக்கொண்டிருந்தாள். நன்றி கூறினேன். நிமிர்ந்து சிரித்தாள். பின்னர், விட்ட இடத்தில் ஐயம் நேர்ந்ததுபோலும், முதற் கயிற்றிலிருந்தே மீண்டும் தொடங்கினாள்.