சானியா ஆடியது பாதி ஆட்டமா?



டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா 2023 பிப்ரவரியில் துபாய் போட்டியோடு ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்க வகுப்பில் சில பேர், "அவங்க தனியா என்ன ஜெயிச்சாங்க? கூட ஒருத்தர் இருந்ததாலதானே கப்பு"ன்னு சொல்றாங்க. எங்க அண்ணனும் இதையேதான் சொல்றான். இது சரியில்லை என்பது என் கருத்து.

முதலில், தனியா ஒண்ணும் ஜெயிக்கலை என்பதே பொய். 2005இல் தான் வளர்ந்த ஹைதராபாத்திலேயே டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் அதை வென்றதில்லை. அதே வருஷம் அமெரிக்க ஓபனில் நான்காவது சுற்று வரை போனார். (அந்த வருஷம் அவர் போட்ட உடையைப் பற்றிப் பேசியவர்கள், அவருடைய ஃபோர்ஹேண்ட் அடியைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.) 2007இல் உலகத் தரவரிசையில் 27ஆம் இடம். நம்ம வகுப்பில் 27ஆவது ரேங்க் எடுத்தா வீட்டில் திட்டு விழும். இது உலகத்தில் 27!

அப்புறம் மணிக்கட்டிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சைகள். 2013இல் ஒற்றையர் ஆட்டத்தை விட்டுவிட்டு இரட்டையரில் மட்டும் ஆடினார். இதைத்தான் சிலர் பின்வாங்கிட்டாங்கன்னு சொல்றாங்க.

இரட்டையர் என்ன சுலபமா? ஒற்றையர் ஆடும்போது களத்தின் அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. நீளம் ரெண்டுக்கும் 78 அடிதான். எதிரணியில் ஒருத்தர் வலைகிட்டயே நிப்பாங்க. நாம அடிக்கிற பந்து அவங்க கைக்கு எட்டாம குறுக்கே போகணும். நடுவில் வர்ற பந்தை யார் எடுக்கிறது? "நீயா நானா"ன்னு கேட்க நேரம் இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில் தெரியணும். தனியா ஆடுறவங்களுக்கு இந்த வேலையே கிடையாது.

இன்னொண்ணு சொல்றேன். சானியாவோடு ஆடிய சுவிட்சர்லாந்து வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ் 16 வயசிலேயே ஒற்றையரில் உலக முதலிடம் பிடித்தவர். ஐந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர். இரட்டையர் மட்டமான ஆட்டம்னா அவர் ஏன் 34 வயசில் வந்து சானியாகூடச் சேரணும்?

சானியாவுக்குப் பின்னாலிருந்து ஓங்கி அடிக்கும் பலம், ஹிங்கிசுக்கு வலைகிட்ட நின்று ஆடும் சாமர்த்தியம். 2015 விம்பிள்டன் இறுதிப்போட்டியில் ரஷ்ய ஜோடியான மக்கரோவா, வெஸ்னினாவிடம் முதல் செட்டை இழந்தார்கள். கடைசி செட்டில் 2–5 என்று பின்தங்கினார்கள். இன்னும் ஒரு கேம் போனா எல்லாம் முடிஞ்சது. அங்கிருந்து 5–5க்கு வந்தபோது இருட்டிவிட்டது. கூரையை மூடி விளக்குப் போட்டு மறுபடி ஆடினார்கள். 5–7, 7–6, 7–5 என்று ஜெயித்தார்கள்! கிராண்ட்ஸ்லாம் பெண்கள் இரட்டையர் பட்டம் ஒரு இந்தியப் பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தொடர்ந்து 41 ஆட்டங்களில் இந்த ஜோடி தோற்கவே இல்லை. சானியா மொத்தம் 91 வாரம் இரட்டையரில் உலக முதலிடத்தில் இருந்தார். கலப்பு இரட்டையரில் மூன்று, பெண்கள் இரட்டையரில் மூன்று என ஆறு கிராண்ட்ஸ்லாம். ஒவ்வொரு கோப்பையிலும் இன்னொருத்தர் பெயர் இருக்கிறது. அதனால் சானியா ஆடியது பாதியாகிவிடுமா?

2018இல் குழந்தை பிறந்தது. இனி வீட்டோட இருக்கட்டும்னு நம்ம ஊரில் சொல்லியிருப்பாங்க. 2020 ஜனவரியில் திரும்பி வந்து, ஹோபார்ட்டில் உக்ரைன் வீராங்கனை நாடியா கிச்சனோக்கோடு சேர்ந்து பட்டம் வென்றார்.

இப்போ நம்ம பள்ளி விஷயம். நம்மகிட்ட டென்னிஸ் மட்டை இல்லை, வளையப்பந்து இருக்கு. அதில் நல்லா ஆடுற பிள்ளையை ஒற்றையருக்கு எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற ரெண்டு பேரை முதல் நாள் சாயங்காலம் ஜோடி சேர்த்து அனுப்புகிறோம். போன வருஷம் அந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் வளையம் மூணு தடவை விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவங்க ரெண்டு பேரும் அதுவரை ஒரு நாள்கூடச் சேர்ந்து ஆடியதில்லை.

அதனால் விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஜோடியை இப்பவே தேர்ந்தெடுங்க சார். விளையாட்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துடாதீங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி