மரபா? மமதையா?

தொப்பியைப் பறிக்கும் காற்று. கண்ணில் உப்பை வாரி இறைக்கும் காற்று! காலடியிலே புல் படர்ந்த மணல்மேடு. ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. அடித்த பந்து எங்கே விழும் என்பதை ஆடுபவன் பாதி, காற்று பாதியாக முடிவு செய்யும். இப்படிப்பட்ட இடத்திலே விடுமுறையைக் கழிக்க, கடல் கடந்து வருகிறார்கள் செல்வர்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரையின் கோல்ப் திடல்களுக்கு, 'லிங்க்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த மணற்பரப்புகளுக்கு, உலகிலே அத்துணைப் புகழ்.

வரட்டும், ஆடட்டும். ஓய்வும் விளையாட்டும் குற்றமல்ல. ஆனால் அங்கே விற்கப்படுவது ஆட்டம் மட்டுமல்ல. 'மரபு' என்ற மயக்க மருந்தும் சேர்த்தே விற்கப்படுகிறது. பன்னூறாண்டுப் பழமை, கை வைக்காதே என்கிறார்கள். கை வைக்க வேண்டாம். கண் வைத்துப் பார்க்கலாமன்றோ?

1457-ஆம் ஆண்டு, இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்திலே, ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கோல்ப் ஆட்டத்தைத் தடை செய்தது. மக்கள் வில்வித்தையை மறந்துவிடுகிறார்களாம்! 1502-ஆம் ஆண்டு, நான்காம் ஜேம்ஸ் மன்னனே பெர்த் நகரத்து வில் செய்பவனிடம் கோல்ப் மட்டைகளை வாங்கினான். எது மரபு? தடையா, ஆட்டமா?

பதினெட்டுக் குழிகள் என்பது இன்று வேதவாக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலிலே ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன; 1764-ல் சிலவற்றை ஒன்றாக்கி 18 என்று குறைத்தனர். இறகு திணித்த தோல்பந்தே நெடுங்காலம் பறந்தது. 1848-ஐ ஒட்டி, மலேயா நாட்டு மரத்தின் பாலிலே செய்த பந்து வந்தது, தோல்பந்து போனது. குழி மாறிற்று, பந்து மாறிற்று, மட்டை மாறிற்று. மரபு மாய்ந்துவிட்டது என்று எவரும் மார்பிலே அடித்துக் கொள்ளவில்லை.

மாறாதது ஒன்றே ஒன்று: மாதருக்கு அடைத்த கதவு!

1754-ல் தோன்றியது செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் மன்றம். 1867-லேயே அந்நகரத்துப் பெண்கள் தமக்கெனத் தனி கோல்ப் மன்றம் கண்டனர். எனினும் ஆடவர் மன்றத்திலே பெண் உறுப்பினராகலாம் என்று முடிவு செய்தது 2014 செப்டம்பரில். 260 ஆண்டுகள்!

"தனியார் மன்றம், எவரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்" என்று வாதிடுவோர் உண்டு. வீட்டுக் கூடமாக இருந்தால் அந்த வாதம் நிற்கும். ஆனால் 2004-ல் தனி அமைப்பு ஏற்படும் வரை, உலகின் பெரும்பகுதிக்கு இந்த ஆட்டத்தின் விதிகளை வகுத்தது அம்மன்றமே. ஊருக்கெல்லாம் சட்டம் எழுதுகிற கை, வாசற்படியிலே வந்து நின்று "இது என் சொந்த வீடு" என்று மறிக்கலாமா?

மூயர்பீல்டின் கதை இன்னும் சுவையானது. 1744-ல் எழுந்த எடின்பரோ கோல்ப் ஆட்டக்காரர் மன்றத்தின் திடல் அது. 2016 மே மாதம், பெண்களைச் சேர்ப்பதா என்று வாக்கெடுத்தனர். நூற்றுக்கு 64 பேர் ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை, கதவு திறக்கவில்லை. புகழ்பெற்ற 'ஓபன்' பந்தயம் இனி அங்கே நடவாது என்ற அறிவிப்பு உடனே வந்தது. 2017 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுப்பு; நூற்றுக்கு 80 பேர் ஆதரவு! பத்தே மாதத்தில் மரபு எங்கே போயிற்று? ஞானம் பிறந்ததா? பந்தயம் போய்விடும் என்ற அச்சம் பிறந்தது! பெருமைக்கும் பணப்பைக்கும் ஆபத்து என்றதும் வளைந்து கொடுக்கும் மரபு, நீதி கேட்டால் மட்டும் இரும்பாக நிற்குமாம்.

2022-ல் அதே மூயர்பீல்டிலே மாதருக்கான ஓபன் பந்தயம் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் வென்றார். மணல்மேடு சரிந்துவிடவில்லை, கடல் பொங்கி வந்து கழகத்தின் கூரையை விழுங்கிவிடவில்லை.

உண்மையான பழமை வேண்டுமா? அது செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்ணிலே இருக்கிறது. அங்குள்ள பழைய திடல் எந்தச் சீமானின் சொத்துமல்ல. லிங்க்ஸ் நிலத்திலே ஊர் மக்களுக்கு உள்ள உரிமையை 1552-ஆம் ஆண்டுச் சாசனமே ஒப்புக்கொண்டது. கடன்பட்ட நகராட்சி 1797-ல் நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்ப்போர் கைக்குப் போயிற்று. வழக்கும் வம்பும் வளர்ந்தன. 1894-ல் பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு நகரம் அதைத் திரும்பப் பெற்றது. 1974 முதல் பொது அறக்கட்டளை ஒன்று அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலே ஆட்டம் ஓய்ந்து, அத்திடல் ஊரார் உலவும் பூங்காவாகும். குறையே இல்லை என்று கூறோம்: 2024-ன் கோடையிலே வெளியூரார் ஒரு சுற்று ஆட 320 பவுன் தர வேண்டியிருந்தது, ஏழைக்கு எட்டும் தொகையா அது? ஆயினும் உலகமே வணங்கும் திடல் ஊர்ப்பொதுவாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. கதவடைத்தால்தான் கண்ணியம் என்போரின் வாதம், அந்தப் புல்தரையிலேயே புதைந்து கிடக்கிறது.

இளைஞனே! மரபு என்று எவரேனும் மிரட்டினால் மூன்று கேள்விகள் கேள். என்று தொடங்கியது? எவருக்கு இலாபம்? இதற்குமுன் எத்தனை முறை மாற்றினீர்கள்? விடை சொல்ல அவர்கள் திணறும்போது தெரிந்துகொள்: அவர்கள் காத்து நின்றது மரபையல்ல, மமதையை!